8 வாட் வால்வ் ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர்? கும்பகோணத்துக் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கும்பகோணத்தில் பழைய வீடு, கூடம் 12க்கு 16 அடி, ரெட் ஆக்சைடு தரை, கனமான செங்கல் சுவர். நண்பர் 300பி வால்வ் போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப் வாங்கியிருக்கிறார், சேனலுக்கு 8 வாட். கையில் இருப்பது 85 டெசிபல் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி. வாய்ப்பாட்டு கேட்டால் இனிமையாக இருக்கிறதாம், நாயனமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது எல்லாம் நெரிபட்டுக் கலங்கிவிடுகிறதாம். 100 டெசிபலுக்கு மேல் ஹார்ன் (கூம்பு வாய்) ஸ்பீக்கராகப் போய்விடலாமா, இல்லை ஒற்றை டிரைவரே (சத்தம் எழுப்பும் கோன்) எல்லாச் சுரமும் தருகிற ஃபுல்ரேஞ்ச் வாங்கலாமா என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 100 வேண்டாம். 94, 96 டெசிபல் உங்களுக்குத் தாராளம். 12 அங்குல பேப்பர் கோன் ஊஃபர் (பாஸ் டிரைவர்), அதன் மேல் சின்ன ஹார்ன், இடுப்பு உயரப் பெட்டி, ஓம் அளவு (மின்தடை) கீழே விழாத டிசைன். இந்த நாலும் பொருந்துகிற எதை வாங்கினாலும் அந்த 8 வாட் உயிர்பெற்றுவிடும். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை முழுக்க.

கணக்கு சின்னதுதான். ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளக்கிற சத்தம்தான் சென்சிட்டிவிட்டி. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் பவர் இரண்டு மடங்கு, 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு. நீங்கள் ஒன்பது அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் கொஞ்சம் போகும், இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலும் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் திரும்பி வரும், உத்தேசமாக 3 டெசிபல் நஷ்டம் என்று போடுங்கள். சாதாரணமாகக் கேட்கும் அளவு 80 டெசிபல் என்றால் தவில் அடியின் உச்சத்துக்கு இன்னொரு 20 வேண்டும், ஆகமொத்தம் 100. உங்கள் 85 டெசிபல் பெட்டி அதைக் கொடுக்க சேனலுக்கு 60 வாட்டுக்கு மேல் கேட்கும். இருப்பதோ 8. நெரிபடாமல் என்ன செய்யும்? அதே இடத்தில் 95 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் 6 வாட்டில் வேலை முடிந்துவிடுகிறது, 100 டெசிபல் என்றால் 2 வாட். அதாவது 95லேயே நீங்கள் கரையேறிவிட்டீர்கள். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டெசிபலும் உங்கள் கூடத்தில் சும்மா கிடக்கும், அதற்கான விலையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பணத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் என்பது அடிப்படையில் ஒரு ஹீட்டர். 92 டெசிபல் ஸ்பீக்கர் உள்ளே வரும் கரண்டில் ஏறக்குறைய 1 சதவீதத்தைத்தான் சத்தமாக மாற்றுகிறது, 85 டெசிபல் என்றால் 0.2 சதவீதம், மீதியெல்லாம் உள்ளே இருக்கும் காயில் என்கிற கம்பிச் சுருளில் சூடு. கனமான கோன் லேசான காற்றைத் தள்ளப்பார்க்கிறது, பிடி கிடைப்பதில்லை. இந்தப் பிடியைக் கொடுப்பதுதான் ஹார்னின் வேலை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிறார்கள், 2022ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அங்கே போய் சீவாளியை மட்டும் ஊதச்சொல்லிக் கேளுங்கள், ஒரு கீச்சுச் சத்தம்தான் வரும். விரிந்துகொண்டே போகிற உலவு என்கிற குழலும் அடியில் அனசு என்கிற விரிந்த வாயும் சேர்ந்த பிறகுதான் அது நாலு தெரு தாண்டிப் போகிறது. ஊதுகிறவர் மூச்சு அதேதான், காற்றோடு கைகோக்கிற விதம் மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் வாட் என்பது தங்க விலை. உங்கள் 300பி வால்வே 1938ல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி கொண்டுவந்தது, சினிமா தியேட்டர் ஆம்புகளில் வேலை செய்தது. எட்டு பத்து வாட்டை வைத்துக்கொண்டு ஒரு கொட்டகையையே நிரப்பினார்கள் என்றால் திரைக்குப் பின்னால் ஆளுயர ஹார்ன்கள் நின்றன என்று அர்த்தம். அப்புறம் 1954ல் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸ் இருவரும் ஏஆர்-1 என்ற சின்ன மூடிய பெட்டியில் ஆழமான பாஸ் வரவழைத்துக் காட்டினார்கள், பதிலுக்குத் திறனை, அதாவது கொடுக்கிற வாட்டுக்குக் கிடைக்கும் சத்தத்தை, விட்டுக்கொடுத்தார்கள். பின்னால் டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிந்துபோனதும் உலகமே சின்னப் பெட்டிப் பக்கம் சாய்ந்துவிட்டது. நீங்கள் இப்போது 1938ன் ஆம்பை அந்தச் சின்னப் பெட்டி வம்சத்தில் கட்டிவைத்திருக்கிறீர்கள். ஆம்பைக் குற்றம் சொல்ல வேண்டாம், ஸ்பீக்கரையும்தான்.

இங்கேதான் ஹாஃப்மன் விதி வருகிறது. கேஎல்ஹெச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் ஹெச் என்ற எழுத்துக்குச் சொந்தக்காரர் ஆன்டன் ஹாஃப்மன். அவர் சொன்னது: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், அதிகத் திறன், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுவிடவேண்டும். எந்தக் கம்பெனியும் இதை ஏமாற்ற முடியாது. ஏமாற்றிவிட்டதாக விளம்பரம் சொன்னால் ஏதோ ஓர் எண்ணில் பொய் இருக்கிறது.

சரி, நாம் எதை விடலாம்? மேல்நாட்டுக்காரர்கள் இதில் ரொம்பத் தவிப்பார்கள், அவர்களுக்கு பைப் ஆர்கனும் பெரிய டிரம்மும் 30 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். கச்சேரி கேட்கிறவர்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை. ஆண் குரல் 1 கட்டை சுருதி என்றால் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், கீழே மந்தர பஞ்சமம் வரை இறங்கினாலும் 98தான். வீணையும் தம்புராவும் அதற்கும் கீழே, 60 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும். மிருதங்கத்தின் தொப்பியும் (கனத்த ஒலி வரும் பக்கம்) தவிலின் தொப்பியும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் கும்மென்று வரும், அவ்வளவே. 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்குகிற ஸ்பீக்கர் இருந்தால் நம் சங்கீதத்தில் ஒன்றும் தவறிப்போகாது. ஆக, கீழ்க்கோடி பாஸை விட்டுக்கொடுத்துத் திறனை வாங்குகிற பேரம் நமக்கு ஏறக்குறைய இலவசம். இந்த ஒரு காரணத்துக்காகவே, டெல்டாவில் சங்கீதம் கேட்டு வளர்ந்த ஆட்கள் 85 டெசிபல் புக்‌ஷெல்ஃபில் பணத்தைப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். 1980க்குப் பிந்தைய சினிமா பாட்டும் சிந்தசைசர் பாஸும் அதிகம் கேட்பீர்கள் என்றால் கதை வேறு. அப்போது சொந்த ஆம்ப் உள்ள ஒரு சப்ஊஃபரைச் சேர்த்து 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதனிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது பெரிய ஹார்ன் ஏன் வேண்டாம் என்கிறேன். ஹார்ன் எவ்வளவு கீழே வேலை செய்யும் என்பதை அதன் வாயின் அளவு முடிவு செய்கிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். வாயின் சுற்றளவு கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும், அதாவது குறுக்களவு 2.7 மீட்டர். உங்கள் கூடத்தின் கதவைவிடப் பெரிசு. அமெரிக்க இன்ஜினீயர் பால் க்ளிப்ஷ் 1940களில் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார், ஹார்னை மடித்து அறையின் மூலையில் வைத்துவிட்டால் இரண்டு சுவரும் தரையுமே ஹார்னின் தொடர்ச்சியாகிவிடும். அந்த க்ளிப்ஷ்ஹார்ன் இன்றைக்கும் தயாராகிறது, கம்பெனி கணக்கில் 105 டெசிபல். அருமையான சாமான். ஆனால் அதற்கு இரண்டு நல்ல மூலை வேண்டும், இரண்டு பக்கமும் கதவோ ஜன்னலோ இல்லாத சுவர் வேண்டும். பழைய டெல்டா வீடுகளில் கூடத்தின் ஒரு மூலையில் காமிரா உள் என்கிற அறையின் கதவு, இன்னொரு பக்கம் முற்றம். எங்கே வைப்பீர்கள்? முற்றத்துப் பக்கம் திறந்திருந்தால் பாஸ் அப்படியே வெளியே போய்விடும். இதில் இன்னொரு சங்கதி, ஹார்ன் கம்பெனிகள் சில அறைக்குள் வைத்து வரும் கூடுதலையும் சேர்த்து எண்ணைப் போடுகின்றன. வெளியாட்கள் அளந்தால் மூன்று நாலு டெசிபல் குறையும். அது தெரிந்து வாங்கினால் பரவாயில்லை.

திருவிழா குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொண்டு ஹார்னே வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அந்தக் குழாய் பேச்சு ஊருக்கெல்லாம் கேட்கவேண்டும் என்று சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஐயாயிரம் சொச்சம் வரைக்கும் மட்டும் செய்தது, அதில் தொப்பி காணாமல் போவது இயல்பு. வீட்டு ஹார்னை அதோடு ஒப்பிடவே கூடாது.

ஃபுல்ரேஞ்ச் பற்றிக் கேட்டீர்கள். லௌதர், ஃபாஸ்டெக்ஸ் போன்ற எட்டு அங்குல ஒற்றை டிரைவர்கள் 95ஐ எட்டுகின்றன, சுரங்களைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் இல்லாததால் குரல் ஒரே இடத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும், பெண் குரலும் வயலினும் கேட்டால் மனசை விட்டுப் போகாது. கொச்சியில் ரெத்ம் என்ற கம்பெனி இந்த வழியில்தான் போகிறது, அகலமான ஒற்றை டிரைவரோடு பாஸுக்குத் தனியாக உள்ளேயே ஆம்ப் வைத்துவிடுகிறார்கள், ஹாஃப்மனுக்கு மரியாதை கொடுத்துத் தப்பிக்கிற புத்திசாலித்தனம் அது. ஆனால் இந்த டிரைவர்களில் பலவற்றுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை சத்தம் கூடுகிற ஒரு மேடு உண்டு, லேசான கோனும் நடுவில் இருக்கும் விஸ்ஸர் கோனும் அங்கே கத்தும். நாயனத்தின் வீரியத்தில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே உரக்கப் பேசுகிற வாத்தியத்தை உரக்கப் பேசுகிற ஸ்பீக்கரில் போட்டால் காது அரை மணி நேரத்தில் கெஞ்சும். நீங்கள் வாய்ப்பாட்டு மட்டும் கேட்பவர் என்றால் ஃபுல்ரேஞ்சையே சொல்லியிருப்பேன். நாயனமும் தவிலும் கேள்வியிலேயே இருப்பதால் சொல்லமாட்டேன்.

ஆகவே 12 அங்குலம். இதன் பெரிய லாபம் டெசிபலில் மட்டும் இல்லை. 12 அங்குல கோனின் பரப்பு ஐந்து அங்குல கோனைப்போல ஆறு மடங்குக்குக் கிட்டே, அதனால் அதே சத்தத்துக்கு ஆறில் ஒரு பங்கு ஆடினால் போதும். குறைவாக ஆடுகிற கோன் குறைவாகப் பிசகும், காயில் சூடேறாது. தாமிரக் காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறிவிடும், அடி விழும்போது சத்தம் பம்மிப்போவது இதனால்தான். தனி ஆவர்த்தனத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்றால் பெரிய கோனுக்கு ஈடு இல்லை. 15 அங்குலம் இன்னும் நல்லதா? உங்கள் கூடத்துக்குப் பெட்டி பெரிசு, அதோடு அது சுமார் 900 ஹெர்ட்ஸிலேயே சத்தத்தைக் குவிக்க ஆரம்பித்துவிடும், மேலே வருகிற ஹார்ன் அவ்வளவு கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி இறங்குகிற ஹார்ன் சின்னதாக இருக்காது.

விவரப் பட்டியலைப் படிக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, "2.83 வோல்ட்டில் 95 டெசிபல்" என்று போட்டிருந்தால் ஓமைப் பாருங்கள். 8 ஓம் என்றால் 2.83 வோல்ட் ஒரு வாட். 4 ஓம் என்றால் அதே வோல்ட் இரண்டு வாட், அப்போது உண்மையான கணக்கு 92தான். வால்வ் ஆம்புக்கு இது பெரிய ஏமாற்றம். இரண்டாவது, உங்கள் ஆம்பில் ஃபீட்பேக் (வெளியே போவதைத் திருப்பி உள்ளே கொடுத்துத் திருத்தும் சுற்று) இல்லை என்றால் அதன் உள் தடை இரண்டு மூன்று ஓம் இருக்கும். ஸ்பீக்கரின் ஓம் எங்கெல்லாம் ஏறி இறங்குகிறதோ அங்கெல்லாம் சத்தமும் ஏறி இறங்கும். பாஸில் 8லிருந்து 40 ஓமுக்கு ஒரு மலை இருந்தால் அந்த இடத்தில் 2 டெசிபல் கூடிவிடும், தொப்பி கொழகொழவென்று கேட்கும். அதனால் ஓம் கர்வ் படத்தைக் கேட்டு வாங்குங்கள், 6 ஓமுக்குக் கீழே போகாமல் மெதுவாக நெளிகிற கோடு நல்ல கோடு. ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மரில் 4 ஓமுக்குத் தனி இணைப்பு (டேப்) இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரை அதிலும் போட்டுப் பாருங்கள். பவர் கொஞ்சம் குறையும், பாஸ் இறுகும். எது பிடிக்கிறதோ அது.

"400 வாட் தாங்கும்" என்பதை மறந்துவிடுங்கள். அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான எண், சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மைக் செட்காரர் பழைய டாப் பெட்டியைக் கொடுக்கிறேன் என்பார், உள்ளே நல்ல டிரைவர் இருந்தால் டிரைவரை மட்டும் பேசி வாங்குங்கள், அந்தப் பெட்டியும் கிராஸ்ஓவரும் பந்தலுக்குச் செய்தவை.

திறன் கூடினால் கூடவே வருகிற ஒரு தொல்லையைப் பலர் வாங்கின பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்: ஹம், அதாவது கரண்டின் உர்ர் சத்தம். ஆம்பிலிருந்து ஒரு மில்லிவோல்ட் ஹம் கசிந்தால் 86 டெசிபல் ஸ்பீக்கரில் அது 17 டெசிபல், காதுக்குத் தெரியாது. 104 டெசிபல் ஸ்பீக்கரில் அதே கசிவு 35 டெசிபல், ராத்திரி தெரு அடங்கினதும் கூடம் முழுக்க உர்ரென்று கேட்டுக்கொண்டிருக்கும். 300பியின் ஃபிலமெண்டுக்கு (வால்வுக்குள் சூடாகும் இழை) ஏசி கொடுத்திருக்கும் ஆம்பில் இது இன்னும் அதிகம். நான் 95லேயே நிறுத்தச்சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் வீட்டு எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபாருங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி என்றால் சித்திரை வைகாசியில் மண் காய்ந்துவிடும், வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். ஆம்ப், பிளேயர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து எடுத்தால் பாதி ஹம் காணாமல் போகும்.

கூடத்தைப் பற்றி. 16 அடி நீளத்துக்கு சுமார் 35 ஹெர்ட்ஸிலும் 12 அடி அகலத்துக்கு 47லும் அறை தானாகவே ஒத்து அதிரும், கனமான செங்கல் சுவர் அதை வெளியே விடாது. அதாவது 50ல் தளர்கிற ஸ்பீக்கருக்கு அறையே கை கொடுக்கும், இதுவும் உங்களுக்குச் சாதகம். 12 அடிச் சுவர் பக்கம் வைத்து, பின்சுவரிலிருந்து ஓர் அடியில் தொடங்கி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்து, தொப்பி எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ரெட் ஆக்சைடு தரைதான் பிரச்சினை, மேல் சுரங்களை அப்படியே திருப்பி அடிக்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கோரைப்பாய் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். உட்காருகிற இடத்துக்குப் பின்னால் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது.

ஆசாரியை வைத்துச் செய்துகொள்வது நம் பக்கத்தில் நடக்கிற காரியம்தான், பட்ஜெட் குறைவென்றால் அதைத்தான் சொல்வேன். எமினன்ஸ், பிமா, பி அண்ட் சி மாதிரி கம்பெனிகளின் 12 அங்குல ப்ரோ டிரைவர் வாங்கலாம். ஆனால் பெட்டிக் கன அளவைக் கண்ணளவில் போடாதீர்கள். 1961ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி, பின்னால் ரிச்சர்ட் ஸ்மால் முடித்துவைத்த கணக்கு இருக்கிறது, டிரைவரோடு வரும் தாளில் உள்ள எண்களைப் போட்டால் எத்தனை லிட்டர், போர்ட் (பெட்டியின் காற்றுக் குழாய்) எவ்வளவு நீளம் என்று இலவச மென்பொருளே சொல்லிவிடும். பலகை 18 மில்லிமீட்டர், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை. கரையானையும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தையும் பார்த்த யாரும் இதில் மிச்சம் பிடிக்கமாட்டார்கள். ஹார்னின் பின்னால் மாட்டும் கம்ப்ரஷன் டிரைவர் 107, 108 டெசிபல் இருக்கும், ஊஃபர் 95. நடுவே எல்-பேட் (சத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) போட்டு அடக்காவிட்டால் ஜால்ரா மட்டும்தான் கேட்கும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை முதலில் பாருங்கள். ஃபோம் வளையம் நம் ஈரத்தில் மாவாக உதிர்ந்துவிடும், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் கனெக்டரும் பச்சை பிடித்திருக்கும். மடிப்பு மடிப்பாக இருக்கும் துணி வளையம் பல பத்தாண்டு தாங்கும். பின்னால் எலி உள்ளே போன தடம் இருக்கிறதா என்று போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள், சிரிக்காதீர்கள், பேப்பர் கோன் அதற்குப் பிடிக்கும். இரண்டு கையாலும் கோனைச் சமமாக அழுத்தினால் உரசல் சத்தம் வரக்கூடாது. கடைசியாக மல்டிமீட்டரை வைத்து அளங்கள்: 8 ஓம் ஊஃபர் 5லிருந்து 7 ஓமுக்குள் காட்டவேண்டும், இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். அரை ஓமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்றில் காயில் மாற்றியிருக்கிறார்கள், விலை பேசாமல் வந்துவிடுங்கள்.